ஊர்ப் பொதுநிலத்தையும் விளைநிலத்தையும் காப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

இது தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் ஊரோரப் பகுதிகளுக்கும் எழுதப்பட்டது. மேய்ச்சல் தரை, மந்தைவெளி, களத்துமேடு, ஓடை, குளம், கோயில்காடு, அவற்றை ஒட்டிய வயல் ஆகியவை மனையாகவோ தனியார் வேலிக்குள்ளோ போகாமல் காக்க நினைக்கிற பத்து இருபது பேர் கொண்ட குழுவுக்கு உதவும்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி தடுமாறுகிறார்கள். முதல் வாரத்தில் பேனர் கட்டுகிறார்கள், இரண்டாம் வாரம் மரக்கன்று நடுகிறார்கள், மூன்றாம் வாரம் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறார்கள். அங்கே "சர்வே எண் என்ன?" என்று கேட்டால் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். பொதுநிலம் முதலில் காகிதத்தில்தான் கைமாறுகிறது. வேலி வருவது அதற்குப் பல வருடம் கழித்து. அதனால் காக்கிற வேலையும் காகிதத்தில்தான் தொடங்க வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. எந்த வகை நிலம் என்று முதலில் பிரியுங்கள்

ஊரார் கண்ணுக்கு எல்லாமே "பொறம்போக்கு" அல்லது "காலி இடம்". சட்டத்துக்கு அப்படி இல்லை. நிலத்தின் வகையைப் பொறுத்தே எந்த அலுவலகம், எந்தச் சட்டம் என்பது முடிவாகும்.

மேய்க்கால், களம், மந்தைவெளி, சுடுகாடு, வண்டிப்பாதை ஆகியவை அரசு புறம்போக்கு. இவற்றின் அன்றாடப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவதில் ஊராட்சிக்குப் பங்கு உண்டு. ஆனால் வகைப்பாடும் பதிவேடும் வருவாய்த்துறையின் கையில் இருக்கின்றன.

ஏரி, குளம் என்றால் ஆயக்கட்டை, அதாவது அதனால் பாசனம் பெறும் பரப்பை, கேளுங்கள். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத்துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. தவறான கதவைத் தட்டினால் மனு ஒவ்வொரு மேசையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கோயில் நிலம் அறநிலையத்துறை வழியாகப் போகிறது. பஞ்சமி நிலம் பட்டியல் சாதி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதை "ஊர்ப் பொது நிலம்" என்று பட்டியலில் சேர்ப்பது தவறு மட்டுமல்ல, அநியாயம். கொங்குப் பகுதியில் இன்னொரு குழப்பம் உண்டு. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு பார்வைக்கு மேய்ச்சல் புறம்போக்கு மாதிரியே இருக்கும்: கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப்புல். ஆனால் அது பட்டா நிலம். அதைக் காப்பது உரிமையாளரோடு பேசி முடிக்க வேண்டிய வேலை (படி 8).

2. காகிதம் திரட்டுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள்.

வேண்டியவை: கிராம வரைபடம், அ-பதிவேட்டு நகல் (ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணின் வகையும் பரப்பும் உள்ள பதிவேடு), சம்பந்தப்பட்ட சர்வே எண்களின் அளவு வரைபடமான புலப்படம் (எஃப்.எம்.பி.), அடங்கல் (பயிர்க் கணக்கு), வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்). அ-பதிவேட்டு விவரத்தையும் ஒரு சர்வே எண் அரசு நிலமா என்பதையும் அரசின் இ-சேவை இணையதளத்தில் பார்க்கலாம். வில்லங்கம் பதிவுத்துறைத் தளத்தில் கிடைக்கும். இணையத்தில் எடுத்தது வழி தெரிந்துகொள்ளத்தான். மனுவோடு வைக்க முத்திரையும் கையொப்பமும் உள்ள நகல் வேண்டும்.

அ-பதிவேட்டில் மூன்று இடங்களைப் பாருங்கள். ரயத்துவாரியா (பட்டா நிலமா) புறம்போக்கா, பரப்பு எவ்வளவு, குறிப்புப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது. "மேய்க்கால்", "ஓடை", "வண்டிப்பாதை" என்ற சொற்கள் அந்தக் கடைசிப் பத்தியில்தான் இருக்கும். பரப்பு ஹெக்டேர்-ஏர்ஸ் கணக்கில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். 1.21.5 என்று போட்டிருந்தால் ஒன்றேகால் ஏக்கர் என்று படிக்கிறவர்கள் நிறைய. அது 1 ஹெக்டேர் 21.5 ஏர், அதாவது மூன்று ஏக்கர்.

இப்போதுள்ள பதிவேடு மட்டும் போதாது. 1980-களில் நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. அப்போது பல ஊர்களில் புறம்போக்கு பட்டாவாகவும், பட்டா புறம்போக்காகவும் மாறிப்போனது. அதனால் யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டையும் எடுங்கள். ரயத்துவாரி ஊர்களில் மறுதீர்வைப் பதிவேடு, ஜமீன் ஒழிக்கப்பட்ட ஊர்களில் அப்போது எழுதிய நிலப் பதிவேடான எஸ்.எல்.ஆர். என்று கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் இல்லையென்றால் மாவட்ட ஆவணக் காப்பறை, அங்கும் இல்லையென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பழைய சர்வே எண்ணும் புதிய எண்ணும் வேறாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு ஒப்பீட்டுத் தாள் தயாரித்துவிட்டால் பின்னால் வரும் பாதித் தகராறு அடங்கிவிடும்.

கேட்டுக் கொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய விண்ணப்பம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய், பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் ஆக்கிரமிப்பை அகற்றவில்லை?" என்று கேட்காதீர்கள். காரணம் சொல்ல வேண்டிய கடமை தகவல் அலுவலருக்கு இல்லை, "கேள்வி வடிவில் உள்ளது" என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார். "சர்வே எண் இன்னதற்கான 1980-க்கு முந்தைய பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல்" என்று கேளுங்கள். ஆவணத்தை நேரில் பார்வையிடவும் அனுமதி கேட்கலாம். பழைய பதிவேடு விஷயத்தில் அதுதான் நல்லது. எந்தப் பக்கம் வேண்டும் என்றே முதலில் நமக்குத் தெரியாதே.

3. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடங்கள்

காகிதம் வந்த பிறகே நடை. கிராம வரைபடத்தில் பொதுநிலங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டு, வயதான இரண்டு மூன்று பேரையும் ஆடு மாடு மேய்க்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு சுற்றி வாருங்கள். ஆண்கள் மட்டும் போனால் பாதி விவரம் வராது. புல்லறுக்கவும் விறகுக்கும் போகிற பெண்களுக்குத்தான் எந்தப் பாதை எந்த வருடம் அடைபட்டது என்று தெரியும்.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று விஷயம் குறியுங்கள். காகிதத்தில் என்ன, இப்போது என்ன, யார் பயன்படுத்துகிறார்கள். தேதியும் இருப்பிடமும் பதியும்படி கைபேசியில் படம் எடுங்கள். இந்த நடையில் யாரோடும் வாக்குவாதம் வேண்டாம். அளவை நடக்கும் முன்பே "நீங்கள் ஆக்கிரமித்திருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டால் அளவை நாளில் அவர் ஆள் திரட்டிக்கொண்டு நிற்பார். பல நேரம் அவர் ஆக்கிரமித்திருக்கவே மாட்டார், வரைபடத்தை நாம் தப்பாகப் படித்திருப்போம்.

தண்ணீர் போகும் வழியைத் தனித் தாளில் வரையுங்கள். மடை எங்கே, கிளை வாய்க்கால் எங்கே பிரிகிறது, கடைமடை எது. வாய்க்காலின் தலைப்பக்கம் ஒரு வயல் மனையாகி வாய்க்கால் மண்மூடினால், கீழே உள்ள வயல்கள் தாமாகவே தரிசாகும். தரிசானதை விற்பது சுலபம். எந்த நிலத்தை முதலில் காக்க வேண்டும் என்பதை இந்தத் தாள் சொல்லிவிடும்.

4. குழுவில் யார் யார்

சங்கப் பதிவு, முத்திரை, வங்கிக் கணக்கு எல்லாம் பிறகு. முதலில் பார்க்க வேண்டியது, குழு ஒரே தெருக்காரர்களாக இருக்கிறதா என்பது.

பல ஊர்களில் "ஊர்" என்ற சொல்லுக்குள் காலனி வராது. ஆனால் மேய்ச்சல் தரையை அதிகம் நம்பியிருப்பது நிலமில்லாத காலனிக் குடும்பங்கள்தான். அவர்கள் இல்லாத குழு "பொதுநிலம்" என்று பேசினால் அவர்கள் நம்ப மாட்டார்கள், நம்பவும் தேவையில்லை. புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் ஏழைக் குடும்பத்தையும், பத்து ஏக்கர் தோட்டத்துக்கு வேலியை நகர்த்தி மேலும் இரண்டு ஏக்கர் சேர்த்தவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பெரிய ஆக்கிரமிப்பிலிருந்து தொடங்குவது என்றும், குடியிருப்போருக்கு மாற்று மனை கேட்பது என்றும் குழு முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்து எழுதி வையுங்கள். இது கருணைக்காக மட்டும் சொல்வதில்லை. ஏழையிடமிருந்து தொடங்கிய முயற்சிகள் ஊரை இரண்டாக்கி நின்றுபோவதைத்தான் பார்க்கிறோம்.

கோப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர், அலுவலகம் போய்வர இருவர், கிராம சபைக்கு ஆள் சேர்க்க நால்வர். இது போதும். கோப்பில் உள்ள ஒவ்வொரு தாளையும் படமெடுத்து இன்னொரு வீட்டிலும் வையுங்கள்.

5. கிராம சபைத் தீர்மானம்

தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதற்கு மூன்று வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். ஊராட்சித் தலைவரிடம், அவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடம், பொருளைச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அன்றைக்கு எழுந்து பேசினால் "அஜெண்டாவில் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

குறைந்தபட்ச வருகை எண்ணிக்கையைக் கவனியுங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் தீர்மானத்தின் வலு குறையும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகே உட்காரச் சொல்லுங்கள்.

தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். "நம் ஊர் நிலங்களைப் பாதுகாக்க வேண்டும்" என்ற தீர்மானத்தால் ஒரு பயனும் இல்லை. இப்படி இருக்கட்டும்:

"…… கிராமம், சர்வே எண் ……, பரப்பு …… ஹெக்டேர், அ-பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு என்று உள்ள நிலத்தை வேறு வகைக்கு மாற்றவோ, தனியாருக்கோ வேறு பயனுக்கோ ஒதுக்கவோ இச்சபை சம்மதிக்கவில்லை. இந்நிலத்தை அளந்து எல்லைக்கல் நட வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்கிறது. ஆக்கிரமிப்பு இருப்பின் சட்டப்படி அகற்றக் கோருகிறது."

ஒரு தீர்மானத்தில் ஒரு நிலம். ஐந்து நிலத்தை ஒன்றாகக் கட்டினால், ஒன்றில் தகராறு வந்தாலும் ஐந்தும் தொங்கும். கூட்டம் முடிவதற்குள் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்து, கையெழுத்தாகிவிட்டதா என்று பார்த்துப் பக்கத்தைப் படம் எடுங்கள். இது மிக முக்கியம். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு "அப்புறம் எழுதிக்கொள்கிறோம்" என்பது பல இடங்களில் வழக்கம். சான்றிட்ட நகலைச் சில நாளில் வாங்குங்கள்.

தீர்மானம் மட்டும் ஒருவரை வெளியேற்றாது. அதன் பயன் வேறு. அந்த நிலத்தை வகை மாற்றச் சொல்லி யாராவது கோப்பு நகர்த்தும்போது, எதிரான தீர்மானம் ஒன்று கோப்பில் இருப்பது பெரிய தடை.

6. அளந்து கல் நடுங்கள்

தீர்மான நகல், அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் இணைத்து வட்டாட்சியருக்கு மனு. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், பிர்கா சர்வேயர் மூவரும் வருகிற தேதியை எழுத்தில் கேளுங்கள். மே, ஜூன் மாதங்களில் வருவாய்த் தீர்வாயம், அதாவது ஜமாபந்தி, நடக்கும். ஊர்க்கணக்குகள் சரிபார்க்கப்படும் நேரம் அது. அங்கே கொடுக்கிற மனுவுக்கு எண் விழும். மற்ற நாளில் கொடுப்பதைவிட வேகமாக நகர வாய்ப்புண்டு.

அளவை நாளில் பக்கத்து நிலக்காரர்களும் இருக்க வேண்டும். அவர்கள் இல்லாமல் நட்ட கல் மறுவாரமே பிடுங்கப்படும். பழைய அளவுக்கற்கள், முச்சந்திக் கற்கள் எங்கே புதைந்திருக்கின்றன என்று முன்னதாகவே தேடித் துலக்கி வைத்தால் சர்வேயரின் வேலை பாதியாகும். அளந்த முடிவை வரைபடத்தோடு எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை அளவைக்கு மதிப்பில்லை.

7. ஆக்கிரமிப்பு இருந்தால்

புறம்போக்கு நிலத்துக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். பிரிவு 7-இல் அறிவிப்பு கொடுத்து விளக்கம் கேட்டு, பிரிவு 6-இல் அகற்ற வேண்டும். நீர்வளத்துறை ஏரி என்றால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். மனுவில் எந்தச் சட்டப்படி நடவடிக்கை கேட்கிறீர்கள் என்று எழுதிவிட்டால் "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்ற பதில் கொஞ்சம் குறையும். ஆக்கிரமிப்புப் புகார்களை விசாரிக்கும் முறையை வகுத்த, 2014 டிசம்பர் 4 தேதியிட்ட வருவாய்த்துறை அரசாணை எண் 540-ஐயும் குறிப்பிடுங்கள். பொதுநிலங்களை மீட்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று சொன்ன தீர்ப்பும் இங்கே துணை.

பி-மெமோ பற்றி ஒரு வார்த்தை. புறம்போக்கில் பயிர் வைத்தவருக்குக் கிராமக் கணக்கில் பி-மெமோ போட்டு அபராதம் வாங்குவார்கள். அது உரிமைச் சீட்டு அல்ல. ஆனால் பல வருட ரசீதுகளை அடுக்கி "நாங்கள் இவ்வளவு காலமாக அனுபவிக்கிறோம்" என்று பட்டா கேட்பது நடக்கிறது. அரசு நிலத்தில் எதிரனுபவ உரிமை (நீண்ட கால அனுபவத்தால் நிலம் தமதே என்பது) கோர 30 வருடம் வேண்டும் என்பதால், பி-மெமோ எந்த ஆண்டிலிருந்து விழுகிறது என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்கிரமித்தவர் கையில் பட்டாவே இருந்தால் பாதை மாறும். பட்டா ரத்தாகாமல் 1905 சட்டம் நகராது. கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு என்று போக வேண்டும். படி 2-இல் எடுத்த பழைய பதிவேடு இங்கேதான் கை கொடுக்கும்.

இதோடு ஒரு சின்ன வேலை. அரசு நிலம், கோயில் நிலம் ஆகியவற்றின் பத்திரத்தைப் பதிவு செய்ய மறுக்கப் பதிவுச் சட்டத்தின் பிரிவு 22-ஏ இடம் தருகிறது. அந்தச் சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பைப் பூஜ்யமாக்கி முடக்கச் சொல்லி வட்டாட்சியர் வழியாகச் சார்பதிவாளருக்கு எழுத வையுங்கள். செலவில்லாத பூட்டு இது.

8. பட்டா வயலைக் காப்பது

இதுதான் கடினமான பகுதி. அடுத்தவர் நிலத்தை விற்காதே என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அமெரிக்காவில் நிலவுரிமையாளர் தன் நிலத்தில் இனி எக்காலத்திலும் கட்டடம் வராதபடி பத்திரம் எழுதி, நில அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு உண்டு. இங்கே அதற்கென்று தனிச்சட்டம் கிடையாது. அந்த மாதிரியை அப்படியே எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் வக்கீல் செலவோடு திரும்புகிறார்கள்.

நடைமுறையில் பலன் தருவது வேறு. நிலம் பெரும்பாலும் பாகப்பிரிவினையின்போதுதான் கைமாறுகிறது. அப்பா இறந்து, பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருக்க, தரகர் பவர் எழுதி வாங்கிவிடுகிறார். அதனால் தலைமடை வயல்களின் வாரிசுகள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று பட்டியல் வைத்துக்கொண்டு முன்கூட்டியே பேசுங்கள். விற்பதாக இருந்தால் முதலில் ஊர் விவசாயிகளுக்குச் சொல்லுங்கள் என்று கேட்பதில் தவறில்லை, பலர் ஒத்துக்கொள்கிறார்கள். வாங்குவதற்கு ஆள் தயாராக இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு.

வெளியூரில் இருப்பவர்கள் குத்தகைக்கு விடவும் அஞ்சுகிறார்கள். 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தால் நிலம் திரும்பாது என்ற பயம். அந்தப் பயத்தில் தரிசாகப் போட்டு, சீமைக்கருவேலம் ஏறி, கடைசியில் மனையாகிறது. ஊரில் இருவருக்கும் பொதுவான ஒருவர் நடுவில் நின்று, வக்கீலிடம் காட்டிய எழுத்து ஒப்பந்தத்தோடு பயிர் செய்ய வைத்தால் அந்த வயல் பிழைக்கும். சிலர் சேர்ந்து அறக்கட்டளை வைத்து நிலம் வாங்க நினைத்தால் நில உச்சவரம்புச் சட்டத்தை முதலில் பார்க்கவும்.

மனைப்பிரிவு வரப்போகிறது என்று தெரிந்தால் உடனே மூன்று கேள்வி. நகர் ஊரமைப்பு இயக்கக அனுமதி எண் உண்டா? நன்செய் என்றால் ஆட்சியரின் இசைவு வாங்கியிருக்கிறார்களா? மனைப்பிரிவுக்குள் வாய்க்காலோ வண்டிப்பாதையோ அகப்படுகிறதா?

மூன்றாவதுதான் வலுவான பிடி. "விவசாயம் அழிகிறது" என்ற ஆட்சேபனைக்கு அலுவலர் தலையாட்டுவார், அவ்வளவுதான். "சர்வே எண் இன்னதில் ஓடும் அரசு வாய்க்காலைச் சாலையாகக் காட்டியிருக்கிறார்கள், புலப்படம் இணைப்பு" என்று எழுதினால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆட்சேபனையை ஆட்சியர், வேளாண்மை இணை இயக்குநர், நீர்வளத்துறை, ஊராட்சி நால்வருக்கும் அனுப்புங்கள். அனுமதி கொடுப்பதற்கு முன் போய்ச் சேர வேண்டும். கொடி நட்டு மனை விற்றபின் வாங்கியவர்களும் எதிர்த்தரப்பில் சேர்ந்துவிடுவார்கள்.

டெல்டாவில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எல்லாவற்றையும் தடுக்கிறது என்று நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை எண்ணெய், எரிவாயு எடுப்பு, தோல் பதனிடும் ஆலை, உருக்காலை போன்ற புதிய திட்டங்கள். வீட்டுமனையை அது தடுப்பதில்லை. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நன்செய் மனையாவதை மேலே சொன்ன வழியில்தான் எதிர்கொள்ள வேண்டும்.

9. மனைப்பிரிவுக்குள் உள்ள பூங்கா இடம்

ஏற்கெனவே மனையான பகுதிகளில் மிஞ்சுவது இது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதிப் பரப்பில் 10% திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். இந்த விதி செல்லும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அனுமதி பெற்ற வரைபட நகலை வாங்கி, பூங்கா என்று காட்டிய இடத்துக்கு வில்லங்கம் போடுங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, பட்டா உள்ளாட்சி பெயருக்கு மாறியிருக்கிறதா? இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடந்து, வருடங்கள் கழித்து வாரிசு ஒருவர் அதை மனையாக்கி விற்பது அதனால்தான்.

10. பல்லுயிர் பாரம்பரியத் தலம் கோருவது

உயிரினச் சிறப்புக்காக அரசே அறிவித்துக் காக்கும் இடம் இது. எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கோயில்காடு, பறவை வரும் ஏரி, பழைய குன்று போன்ற சிறப்புள்ள இடத்துக்கு மட்டும். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தில் பிரிவு 37-இன்படி மாநில அரசு, உள்ளாட்சியைக் கலந்து அறிவிக்கிறது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் சுமார் 193 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் தலமாக அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காடு ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. அதுவும் 2025-இல் தலமானது. சின்ன இடம் என்று தயங்க வேண்டாம்.

வரிசை: ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இயங்குகிறதா என்று பாருங்கள். காகிதத்தில் மட்டும் இருந்தால் கூட்ட வையுங்கள். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அந்த இடத்துச் செடி, பறவை, பயன்பாடு எல்லாம் ஏற வேண்டும். பிறகு கிராம சபைத் தீர்மானம், அதன்பின் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு முன்மொழிவு. மேய்ச்சல் நின்றுவிடுமோ, சாமி கும்பிட விடமாட்டார்களோ என்ற அச்சம் ஊரில் வரும். வழக்கமான பயன்பாடுகள் எவை என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

அறிவிப்பு வந்தால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. 2024 நவம்பரில் அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போனது தெரியவந்தது. சுற்றுப்பட்டு ஊர்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டன, சட்டமன்றம் டிசம்பர் 9-இல் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நிலத்தைக் காத்தது மக்கள் திரண்டதுதான். ஆனால் திரண்டவர்கள் கையில் காட்டுவதற்கு ஏற்கெனவே ஓர் அரசாணை இருந்தது.

11. மீட்ட நிலத்தைச் சும்மா விடாதீர்கள்

ஆளில்லாத புறம்போக்கு இரண்டு வருடத்தில் மறுபடி வேலிக்குள் போகும். அதனால் உடனே பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எப்படி என்பதில்தான் பெரும்பிழை நடக்கிறது. மேய்ச்சல் தரையில் ஆயிரம் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நெருக்கமாக நட்ட மரத்தின் நிழலில் புல் வராது, ஆட்டுக்காரர்கள் எதிரியாவார்கள், கன்றும் கோடையில் காயும். புல்வெளி என்பது மரம் இல்லாத குறை உள்ள காடு அல்ல. அதை அப்படியே விடுவதுதான் பாதுகாப்பு. ஏரிக்குள்ளே நடுவதும் இதே பிழை. கரையிலும் வரப்பிலும் நடலாம்.

முதலில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள். மேலோடு வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். எல்லையில் அகழி, அதன் மண்ணில் வரப்பு. மழைக்கு முன் வரப்பில் கிளுவைப் போத்து (கிளைத் துண்டு) ஊன்றினால் உயிர்வேலி ஆகும். ஊராட்சி வழியாக நடக்கும் ஊரக வேலைத் திட்டத்தில் அகழி வெட்டக் கேளுங்கள், செலவு மிச்சம். நிலத்தை மூன்று துண்டாகப் பிரித்து, மழைக்காலத்தில் ஒரு துண்டுக்கு ஓய்வு கொடுத்து மேய்த்தால் கொழுக்கட்டைப்புல் விதை விழுந்து தானாகப் பெருகும். எந்தத் துண்டு எப்போது மூடும் என்பதை மேய்க்கிறவர்களே முடிவு செய்யட்டும். குழு விதித்தால் மீறுவார்கள்.

சர்வே எண், பரப்பு, வகைப்பாடு, ஊராட்சிப் பெயர் எழுதிய பலகை ஒன்று வையுங்கள். கான்கிரீட் பலகை நல்லது, தகரம் களவு போகும்.

12. நீதிமன்றம்

கடைசிப் படி. சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ பொதுநல மனு போட்டால் முதலில் கேட்பது, அலுவலரிடம் மனு கொடுத்தீர்களா, என்ன பதில் வந்தது என்பதே. தேதி வரிசையில் மனு, ஒப்புகை, நினைவூட்டல், தீர்மானம், அளவை அறிக்கை இருந்தால் வழக்கு எளிது. மனுவில் உங்கள் குழுவில் ஒருவருக்கு அந்த நிலத்தை ஒட்டிச் சொந்த நிலம் இருப்பதை மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும்.

தீர்ப்பு பெரும்பாலும் "சட்டப்படி விசாரித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க" என்றுதான் வரும். அந்த நகலை வட்டாட்சியரிடம் சேர்த்த நாளிலிருந்தே கெடு ஓடும். பதிவுத் தபால் ஒன்று, நேரில் ஒன்று என இரண்டு வழியிலும் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அகற்றும் நாளில் மறுபடி சர்வேயர் வர வேண்டும். கல் பெயர்ந்திருந்தால் அன்றே நடவும், புதிய அளவை வரைபடத்தைக் கோப்பில் சேர்க்கவும் மறக்க வேண்டாம்.